பேட்ஜைத் திருப்பிப் பார்த்தவர்

அவரிடம் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு அதைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால், கையை நீட்டி நிறுத்திவிடுவார். போக்குவரத்துக் காவலரும் அப்படித்தான் நிறுத்துவார். ஆனால் காவலரிடம் கெஞ்சிப் பார்க்கலாம்.

திருநெல்வேலி டவுனில், ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் தையல் சாமான் கடை வைத்திருந்தார். பட்டன், ஊக்கு, கொக்கி, ஜிப், நாடா, ரிப்பன், நூல்கண்டு. கடையின் அகலம் என் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கும். நாங்கள் எல்லோரும் 'பட்டன் கடை அக்கா' என்போம். பெயர் எனக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோது பலகையில்கூடப் போட்டுக்கொள்ளாத பெயரை, போய் இரண்டு வருடமான பிறகு நான் அச்சில் போடுவது சரியில்லை.

முதல் சந்திப்பு என் சட்டையால் நேர்ந்தது. ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தபோது நான்காவது பட்டன் தெறித்து எதிர் இலைக்காரரின் பாயசத்தில் விழுந்துவிட்டது. அந்தச் சட்டை எந்தக் கடையில் எடுத்தது, என்ன விலை, இந்தக் காலத்து ஆயத்த ஆடைகளில் நூல் எவ்வளவு மட்டம் என்று ஒரு சிறு உரையைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். முதல் வாக்கியத்தின் எழுவாயோடு நிறுத்தப்பட்டேன்.

"கதைய அப்புறம் சொல்லுங்க. சட்டைய வைங்க."

வைத்தேன். பட்டன் போன இடத்தைத் தடவினார். அதற்கு மேல் உள்ள பட்டனையும் கீழ் உள்ளதையும் பார்த்தார். பட்டன் துளையை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு என்னை ஒரே ஒரு தடவை, மார்புக்குக் கீழே பார்த்தார்.

"நூல்ல குறையில்ல. வயித்துல இருக்கு."

அன்று முதல் அவருடைய வாடிக்கையாளன் ஆனேன்.

எனக்குப் பழைய அரசியல் பேட்ஜுகளைச் சேர்க்கும் பழக்கம் உண்டு. தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் படித்துக் களைத்துப்போன ஒரு வயதில், அந்தத் தலைவர்களைச் சட்டையில் குத்திக்கொண்டு வெயிலில் நின்றவர்கள் யார் என்ற ஆர்வம் வந்தது. மாநாட்டு பேட்ஜ், ஊர்வல பேட்ஜ், தலைவர் பிறந்தநாள் பேட்ஜ் என்று இருநூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. என் மனைவி அதைத் தகர டப்பா என்பாள். நான் சேகரிப்பு என்பேன். இரண்டும் ஒரே டப்பாதான்.

அதில் என் பெருமைக்குரிய ஒன்றின் ஊக்கு உடைந்தபோது அக்காவிடம் கொண்டுபோனேன். அது வடக்கே பெரிய நகரத்தில் அச்சடிக்கப்பட்டு ரயிலில் வந்தது என்று நான் ஒரு கட்டுரையே எழுதியிருந்தேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பினார். எச்சிலைத் தொட்டுப் பின்பக்கத் துருவைத் துடைத்தார். தகரத்தில் மங்கலாக ஒரு நிலக்கடலையின் பாதி தெரிந்தது.

"கடலெண்ணெய் டின்னு. நம்மூரு டின்னுதான். வெட்டி, கவுத்துப் போட்டு அடிச்சிருக்கான்."

நான்கு பக்கக் கட்டுரை. படங்களுடன்.

பேட்ஜின் முதுகு என்று ஒன்று இருப்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அரசியல் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. எந்தக் கட்சி எந்தக் கட்சியிலிருந்து உடைந்தது என்று நான் சொல்லத் தொடங்கினால் பட்டன் எண்ணப் போய்விடுவார். ஆனால் ஊக்கைப் பற்ற வைத்தது ஈயமா அரக்கா, ரிப்பன் மடிப்பு கையால் போட்டதா தையல் மிஷினிலா என்று பார்த்து, இது எந்தக் காலம், எந்தப் பக்கத்துச் சரக்கு என்று சொல்வார். தெரியாவிட்டால் தெரியாது என்பார். என் கூட்டாளிகளான ஆராய்ச்சியாளர்களிடம் இந்தக் கடைசிச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

ஒருமுறை எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் ஒரே பேட்ஜோடு வந்து நின்றார்கள். ஒவ்வொருவரும் அது தங்கள் கட்சியின் ஆரம்பகாலச் சின்னம் என்று பந்தயம் கட்டியிருந்தார்கள். அக்கா இருவரையும் பேசவிடாமல் பேட்ஜை வாங்கி, ஊக்கு மிகச் சின்னதாக இருப்பதைப் பார்த்தார். பெரிய ஆள் சட்டைத் துணியில் இது நிற்காது, சின்னப் பிள்ளைகள் சட்டைக்குப் போட்டது என்றார். பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு அடித்த பேட்ஜ். இரண்டு கட்சியும் அன்று முதல்முறையாகக் கூட்டணியாக வெளியேறின.

ஏன் இப்படி யார் கதையையும் கேட்பதில்லை என்று ஒருநாள் கேட்டேன். சின்ன வயதில் யாரோ அவரைப் பொய்க்கதை சொல்லி ஏமாற்றியிருக்க வேண்டும், பெண் பார்க்க வந்தபோது இல்லாத வயலைச் சொல்லிக் கட்டிவைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் எனக்குள் ஒரு கோட்பாடு தயாராக இருந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பதினோரு மணிக்கு ஆறு டெய்லரு வந்து நிப்பான். ஆறு பேருக்கும் கதை இருக்கும். கேட்டா நான் என்னைக்குக் கடைய அடைக்க?" என்றவர், சிறிது நேரம் கழித்து, கேட்காமலே சேர்த்துக்கொண்டார்: "கதையக் கேட்டுட்டா கண்ணு அதத்தான் தேடும், சார். பொருளப் பாக்காது."

எல்லோரும் இதை ரசித்தார்கள் என்று சொல்ல முடியாது. அவருடைய கணவர் பேருந்து நிலையத்தில் மயங்கி விழுந்தபோது யாரோ போனில் அழைத்து, எப்படி விழுந்தார், யார் தூக்கினார்கள் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். "இப்ப எங்கன இருக்காரு, அத மட்டும் சொல்லுங்க" என்று கேட்டு, வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் பிழைக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் கடைசி நேரத்து விவரங்களைத் தொடங்கியபோதும் அதே கை நீண்டது. கல்நெஞ்சக்காரி என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் அன்று ஒரு மூலையில் இருந்தேன். அந்தக் கையைப் பார்க்க எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

இப்போது நான் செய்த தவறுக்கு வருகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தார். நாற்பதை நெருங்கும் வயது. சொந்த ஊர் களக்காட்டுப் பக்கம். என் கட்டுரை எதையோ படித்திருக்கிறார். கையில் உடன்குடிக் கருப்பட்டி ஒரு ஓலைக் கொட்டான், மாத்திரைக் கவர் ஒன்றில் ஒரு பேட்ஜ். ஆறு மாதத்துக்கு முன் இறந்துபோன அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்ததாம். இது எந்த மாநாட்டு பேட்ஜ் என்று சொல்ல முடியுமா, ஐயா, என்று கேட்டார்.

ஐயா என்று கூப்பிடப்பட்ட மனிதன் தெரியாது என்று சொல்ல மாட்டான். பட்டன் கடைக்குப் போய்க் கேட்டுச் சொல்கிறேன் என்று நிச்சயமாகச் சொல்ல மாட்டான்.

ஒரு ரூபாய் அகலத் தகரவட்டு. அதில் ஏர், நெற்கதிர், அரித்துப்போன ஊர்ப்பெயரின் பாதி, தெளிவாக ஒரு ஆண்டு. கீழே வெளுத்து, ஆறிப்போன தேநீர் நிறத்துக்கு வந்துவிட்ட ரிப்பன். அந்த ஆண்டு, நாடு விடுதலை அடைவதற்கு வெகு முன்னால். நான் அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தேன். அதே ஏர், அதே கதிர், ஆற்றின் மேல்புறத்து ஊர் ஒன்றில் நடந்த பழைய விவசாயிகள் மாநாட்டின் சின்னம். பக்க எண்ணோடு தீர்ப்புச் சொன்னேன். அரிய பொருள் என்றேன். உங்கள் அப்பா அப்போது பிறந்திருக்கவே மாட்டார் என்று சொல்லிச் சிரித்தும் வைத்தேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பேட்ஜை மறுபடி மாத்திரைக் கவரில் போட்டார்.

"அப்போ ஊரு சொன்னதுதான் சரி. பழைய இரும்புக் கடையில எங்கனயோ வாங்கி வச்சிருக்காவ."

பிறகு சொன்னார். அவர் பிறந்த வாரம், அப்பா ஊரில் இல்லை. ஒன்பது நாள். திரும்பி வந்ததும், விவசாயிகள் மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போயிருந்தேன், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன் என்றாராம். மாநாடு நடந்தது மூன்றே நாள் என்று ஊருக்கே தெரியும். மீதி ஆறு நாள் எங்கே என்று ஊர் கேட்டது. மாநாடு நடந்த அந்த ஆற்றங்கரை ஊரில் அவருக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று ஊரே பதிலும் சொல்லிக்கொண்டது. அம்மா ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காமலே முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தினார். அப்பா போன பிறகு பெட்டியில் இந்த பேட்ஜ் அகப்பட்டதும்தான், ஒருவேளை சொன்னது நிஜமாக இருக்குமோ என்று அம்மாவுக்கு ஒரு நப்பாசை வந்திருக்கிறது. அதைத் தீர்த்துவைக்கத்தான் மகள் என்னிடம் வந்திருந்தார். தீர்த்துவைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் போன் செய்தேன். பேட்ஜைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கத்தான். பேச்சோடு பேச்சாக அந்தப் பெண் சொன்னார்: விஷயத்தைக் கேட்ட அம்மா, சாயங்காலம் கூடத்தில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டாராம்.

கொட்டானில் இருந்த கருப்பட்டியை என்னால் தொட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு பேட்ஜோடு டவுனுக்கு வரச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். இன்னொருவரிடமும் காட்டிவிடலாம் என்றேன். பெரிய ஆராய்ச்சியாளரா ஐயா என்றார். ஆமாம் என்றேன்.

அம்மாவுக்கு அக்காவின் வயதுதான் இருக்கும், அறுபது. வயல் வேலை செய்த கை. கடையில் இருந்த ஒரே ஸ்டூலில் உட்காரவைத்தோம். அவர் பேட்ஜைத் தானே எடுத்து மேசைக் கண்ணாடிமேல் வைத்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"எம்மா, எங்க வீட்டுக்காரரு, இவ வயித்துல இருக்கப்ப..."

கை நீண்டது.

"அப்புறம், மைனி. மொதல்ல இதப் பாத்துக்கிடுதேன்."

முப்பத்தெட்டு வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்ல வந்த மனுஷி. பாதியில் நின்ற வாயை மூடுவதற்கு அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. மகள் என்னை முறைத்தார். ஒரு வாரத்தில் அந்தக் குடும்பத்துக்கு நான் செய்த இரண்டாவது உபகாரம்.

அக்கா திருப்பினார். ஊக்கை ஆட்டினார். ஊக்கு ஒண்ணும் சொல்லாது, மாத்தியிருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ரிப்பனின் ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையை ஊசியால் உருவி, இடுக்கியில் பிடித்து, தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினார். இழை சாம்பலாக உதிரவில்லை. சுருண்டு, நுனியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு உருண்டையாக நின்றது. அதை நகத்தால் நசுக்கப் பார்த்தார். நசுங்கவில்லை.

"நைலான். இது நான் இந்தக் கடைக்கு மருமகளா வந்த காலத்துச் சரக்கு. கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம்."

"ஆனால் அந்த ஆண்டு அதில் போட்டிருக்கிறதே, அக்கா" என்றேன். என் புத்தகத்தையும் பையில் எடுத்துப் போயிருந்தேன்.

"அம்பதாவது கல்யாண நாளு கொண்டாடுதவன், அட்டையில கல்யாணம் ஆன வருசத்தையும் போடுவான்லா?"

நினைவு பேட்ஜ். பழைய மாநாட்டின் நினைவாக, பல வருடம் கழித்து நடந்த புது மாநாட்டுக்கு அடித்தது. அதனால்தான் பழைய சின்னம், பழைய ஆண்டு. இருநூறு பேட்ஜ் சேர்த்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்காமலே இருந்துவிட்டேன்.

அக்கா சின்னக் குறடு ஒன்றை எடுத்து, தகரவட்டின் பின்னால் ரிப்பனைக் கவ்விக்கொண்டிருந்த நான்கு பற்களையும் பைய நிமிர்த்தினார். வட்டு தனியே வந்தது. அதுவரை வெளிச்சமே படாமல் அதற்கடியில் இருந்த ரிப்பன், ஒரு ரூபாய் அகலத்துக்கு, நாற்று நிறத்தில் பச்சையாக இருந்தது.

அக்கா பலகைமேல் ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினார். அவருடைய மாமனாரின் பழக்கம் அது. மாநாடு, திருவிழா என்று யார் ரிப்பன் வெட்டச் சொன்னாலும், ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துண்டை அட்டையில் குத்திவைத்து, பக்கத்தில் யாருக்கு எது என்று எழுதிவிடுவார். கடைசி நேரத்தில் இன்னும் நூறு வேண்டும் என்று ஓடிவந்தால் நிறம் தப்பக் கூடாது. அக்கா அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பேட்ஜ் ரிப்பனின் பல் பல்லாக வெட்டிய நுனியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டே வந்தார். எட்டாவதோ ஒன்பதாவதோ அட்டையில் கை நின்றது. அதே அகலம், அதே பல். தலைப்பில் விவசாயிகள் மாநாடு, ஐம்பதாம் ஆண்டு நினைவு என்று இருந்தது. கீழே அந்த ஆற்றங்கரை ஊரின் பெயர், முழுதாக.

"இத நாந்தான் வெட்டியிருக்கணும். ஞாபகம் இல்ல" என்றார். பிறகு வாசித்தார். "செகப்பு, மேடை. மஞ்சள், பிரதிநிதி. நீலம், தொண்டர். பச்சை, சாப்பாட்டுக் கமிட்டி."

"அப்பா பிரதிநிதின்னுல்லா சொன்னாவ" என்றார் மகள்.

"மஞ்சள் இல்ல. பச்சை."

அதில் ஆறுதலும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. ரிப்பனின் நிறம், அவ்வளவுதான். அட்டையைக் கீழே வைத்தார், கடைக்குள்ளிருந்து வெளியே வந்தார், அம்மாவுக்கு எதிரே நூல்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இப்ப சொல்லுங்க, மைனி."

அம்மா சொன்னார். வலி எடுத்த அன்று வீட்டில் விறகு இல்லாததிலிருந்து சொன்னார். பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் பிள்ளையைப் பார்க்காமல் இவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனதைச் சொன்னார். பேருந்தில் அந்த ஊர் வழியாகப் போக நேர்ந்தால் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் கண்ணை மூடிக்கொள்வதைச் சொன்னார். நடுவில் ஒரு டெய்லர் கொக்கி கேட்டு வந்தார். அக்கா திரும்பாமலே அங்கன நில்லு என்றார். அவர் நின்றார். நேரமாகிறது என்று சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு அவரும் கேட்கத் தொடங்கிவிட்டார்.

"மூணு நாள் மாநாட்டுக்கு ஒம்பது நாளு எதுக்குன்னு ஊரு கேட்டுது. நான் கேக்கல. கேட்டு, அவ பேரச் சொல்லிட்டாவன்னா?" என்று முடித்தார் அம்மா.

அக்கா அட்டையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"பிரதிநிதிக்குத்தான் மூணு நாளு, மைனி. சாப்பாட்டுக் கமிட்டிக்காரன் பந்தக்கால் நடுத அன்னைக்கே போயி அடுப்பு வெட்டணும், வெறகு எறக்கணும். கடைசி ஆளு போன பொறவு அண்டா கழுவிட்டுத்தான் வரணும்."

அம்மா விரலை மடக்கி எண்ணினார். முன்னால் நான்கு. மாநாடு மூன்று. பின்னால் இரண்டு. மடங்காமல் நின்ற ஒரே விரலைச் சிறிது நேரம் பார்த்தார்.

மூன்றாவது வரிசை என்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒன்பது நாளும் அன்றைக்கே நேராகியிருக்கும். கரண்டி பிடித்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டு ஒரு மனிதன், தனக்கு இல்லாத ஒருத்தியை ஊர் கட்டிவைக்கும்படி விட்டிருக்கிறான். இப்படி ஏதோ நான் சொல்ல வாயெடுத்தேன். அக்கா பார்த்தார். விட்டுவிட்டேன்.

"சாப்பாட்டுக் கமிட்டி" என்றார் அம்மா. அவர் குரல் மாறியிருந்தது. "எங்க வீட்ல ஒரு நாளு ஒரு வெங்காயம் உரிச்சுத் தந்திருப்பாராக்கும்? தண்ணிச் செம்பு கையில கொண்டாந்து வைக்கணும் அவருக்கு. இவளப் பெத்துப் போட்டுட்டு ஒரு கஞ்சி வச்சுத் தர ஆளில்லாமக் கெடக்கேன். அங்கன ஊரு சனத்துக்கெல்லாம் சாம்பாரு கிண்டிக்கிட்டு நின்னிருக்காரு."

சொல்லச் சொல்ல அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பிடிபடவில்லை. டெய்லர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வீட்டு வெங்காயம் நினைவுக்கு வந்திருக்கலாம்.

அக்கா மறுபடி கடைக்குள் போய், தகரவட்டையும் ரிப்பனையும் கையில் எடுத்தார்.

"மைனி, பழையபடி பச்சை உள்ள இருக்க மாதிரி மடிச்சுப் பூட்டவா? இல்ல, கீழ எறக்கி வெளிய தெரிய வைக்கவா?"

"உள்ளயே இருக்கட்டும் அக்கா" என்று மகள் முந்திக்கொண்டார். அப்பா ஆசையாகப் பிரதிநிதி என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர், இப்போது எல்லோரும் பார்த்தால் அவருக்கு மானக்கேடு என்றார்.

"அவருக்கு இன்னைக்குத்தான். எனக்கு முப்பத்தெட்டு வருசம்" என்றார் அம்மா. "வெளிய தெரியட்டும். படத்த எடுத்து மாட்டி, அதுல குத்தி வைக்கப் போறேன். வாறவுக என்ன பேட்ஜின்னு கேக்கட்டும். வெங்காயம் உரிச்சாருன்னு நான் சொல்லுதேன்."

அக்கா ரிப்பனை ஒரு விரற்கடை கீழே இறக்கி, வட்டை மேலே பொருத்தி, குறட்டால் முதல் பல்லை மடக்கினார். இரண்டாவதை மடக்குவதற்குள் அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்து, கண்ணாடிமேல் குனிந்து, விரலால் தொட்டுக் காட்டினார்.

"இன்னும் கொஞ்சம் இழும்மா. தெரியணும்லா."